தரையில் எடுக்கப்படும் முடிவு: சிறுவிமானப் பயண ஆபத்தை மதிப்பிட்ட வரலாறு

ஊதியத்துக்காக அல்லாமல், தம் பயணத்துக்காகவோ பறக்கும் மகிழ்ச்சிக்காகவோ ஒருவர் தாமே ஓட்டிச் செல்லும், பெரும்பாலும் ஒற்றை எந்திரமும் இரண்டு முதல் ஆறு இருக்கைகளும் கொண்ட விமானமே இங்கே சிறுவிமானம் எனப்படுகிறது. அட்டவணைப்படி பறக்கும் பயணிகள் விமானத்தில் புறப்படலாமா கூடாதா என்னும் கேள்விக்குப் பலர் சேர்ந்து விடை காண்கிறார்கள். வானிலையை ஆராய்பவர் ஒருவர், எந்திரத்தைச் சோதிப்பவர் வேறொருவர், விமானியின் ஓய்வுநேரத்தைக் கணக்கிடுபவர் மற்றொருவர். சிறுவிமானத்தில் இந்தப் பொறுப்புகள் அனைத்தும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. போக விரும்புகிறவரும், போவது தகுமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவரே. இவ்வகைப் பறத்தல் மிகப் பரவலாக வேரூன்றிய நாடு அமெரிக்கா என்பதால், அதன் ஆபத்தை அளக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாறும் பெரும்பாலும் அங்கேயே நிகழ்ந்தது. அந்த வரலாற்றில் ஆபத்தின் இருப்பிடம் முதலில் விமானியின் துணிவிலும் உடலிலும், பின்னர் இறக்கையின் வடிவத்திலும், அதன் பின்னர் கருவிப் பலகையிலும் தேடப்பட்டது. எந்திரத்தை முடுக்குவதற்கு முன் தரையில் எடுக்கப்படும் முடிவிலேயே அதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்ற உண்மை ஆய்வாகவும் பாடமாகவும் வடிவம் பெற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

எந்திர விமானம் பறக்கத் தொடங்கி ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் முதல் மரணம் நிகழ்ந்துவிட்டது. 1908 செப்டம்பர் 17 அன்று வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ரைட் அமெரிக்க ராணுவத்துக்காக விமானத்தை ஓட்டிக் காட்டியபோது, பிளவுற்ற சுழல்விசிறி வால்பகுதியைத் தாங்கிய கம்பியைத் தாக்க, விமானம் கீழே விழுந்தது. ரைட் படுகாயத்துடன் பிழைத்தார், உடன் சென்ற லெப்டினன்ட் தாமஸ் செல்ஃபிரிட்ஜ் இறந்தார். எந்திர விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் விமானத்தை ஓட்டியவர் அல்லர், அதில் ஏறி அமர்ந்திருந்தவர் என்பது இத்துறையின் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. அக்காலத்தில் பறப்போரை வீரர்களாகவே இதழ்கள் காட்டின. மரணம் அவர்களுடைய துணிவின் விலையாகக் கருதப்பட்டதால் அதற்குக் காரணம் தேடும் பழக்கம் மெதுவாகவே வளர்ந்தது.

காப்பீட்டாளர்களால் அவ்வாறு கருத இயலவில்லை. ஆபத்துக்கு விலை குறிப்பதே தொழிலாகக் கொண்ட லண்டன் லாயிட்ஸ் நிறுவனத்தில் 1911-இல் முதல் விமானக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. மறு ஆண்டே, மோசமான வானிலையில் நடந்த பறத்தல் காட்சி ஒன்றில் நேர்ந்த இழப்புகளைக் கண்டு அவர்கள் பின்வாங்கினர். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் நெடுங்காலம் விமான மரணத்தை ஒப்பந்தத்திலிருந்து விலக்கி வைத்தன. இத்தனை பேர் இத்தனை மணி நேரம் பறந்தால் இத்தனை பேர் இறப்பர் என்று சொல்ல உதவும் பதிவேடு எதுவும் அப்போது இல்லாததால், கணக்கிட முடியாத ஆபத்தை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். விமானி அதே ஆபத்தை எந்தக் கணக்கும் இன்றி ஏற்றார்.

1926-ஆம் ஆண்டின் வான் வணிகச் சட்டம் அமெரிக்காவில் விமானிக்கும் விமானத்துக்கும் உரிமம் கட்டாயமாகும் வழியைத் திறந்தது. மருத்துவச் சோதனையும் அதனுடன் வந்தது. உடல் தகுதியைச் சோதித்தது பயனுள்ள செயலே என்றாலும், நல்ல பார்வையும் உறுதியான இதயமும் கொண்டவர்கள் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தார்கள். எனவே கவனம் இறக்கையின் பக்கம் திரும்பியது. இறக்கை காற்றைச் சந்திக்கும் சாய்வுக்குத் தாக்குகோணம் என்று பெயர். விமானி மூக்கை உயர்த்த உயர்த்த அக்கோணம் பெருகித் தூக்குவிசையும் கூடுகிறது. ஆனால் சுமார் 15 அல்லது 16 பாகையைத் தாண்டியதும் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை சட்டென்று சரிகிறது. விமானிகள் ஸ்டால் என்று அழைக்கும் இந்நிலையில் ஓர் இறக்கை மற்றதைவிட முன்னதாகத் தளர்ந்தால் விமானம் திருகுபோலச் சுழன்று வீழ்கிறது. உயரம் இருந்தால் பயிற்சி பெற்றவரால் மீள முடியும். தரையிறங்கத் திரும்பும் வேளையில், சில நூறு அடி உயரத்தில் இது நேர்ந்தால் மீள இடமில்லை. வேகம் குறைந்து விமானம் தாழும்போது மூக்கை மேலே இழுக்கவே கை விரும்புகிறது. அந்த இழுப்பே வீழ்ச்சியை முடுக்குகிறது. உல்ஃப்காங் லாங்கவீஷ் 1944-இல் எழுதிய ஸ்டிக் அண்ட் ரடர் என்னும் நூல் இன்றளவும் பயிற்சிப் பள்ளிகளில் படிக்கப்படுவதற்குக் காரணம், உடல் விரும்பும் செயலுக்கும் இறக்கை வேண்டும் செயலுக்கும் உள்ள இந்த முரண்பாட்டை அது எளிய மொழியில் விளக்கியதே.

இந்த முரண்பாட்டைப் பயிற்சியால் வெல்வதைவிட வடிவமைப்பால் நீக்கிவிடலாம் என்று நம்பிய பொறியாளர்கள் இருந்தனர். டேனியல் குகன்ஹைம் நிதியம் 1927-இல் அறிவித்த பாதுகாப்பான விமானப் போட்டியில் ஒரு லட்சம் டாலர் பரிசைக் கர்ட்டிஸ் நிறுவனத்தின் டானகர் வென்றது. அது விற்பனைக்கு வரவே இல்லை. அரசின் வான் வணிகத் துறையை நடத்திய யூஜின் விடால் 1933-இல் 700 டாலரில் சாமானியருக்கு விமானம் என்ற திட்டத்தை முன்வைத்தார். வாகனங்கள் நாட்டை மாற்றியதுபோல் விமானமும் மாற்றும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அக்காலத்தில் அரசின் விமான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபிரெட் வீக், வேலை நேரத்துக்கு வெளியே சக ஊழியர்களுடன் சேர்ந்து உருவாக்கிய சோதனை விமானத்திலிருந்து எர்கூப் பிறந்தது. 1937-இல் முதலில் பறந்து 1940-இல் சான்றிதழ் பெற்ற அந்த விமானத்தில், வால் சுக்கானும் இறக்கை ஓரச் சிறகுகளும் ஒரே சக்கரத்தில் இணைக்கப்பட்டிருந்தன, காலால் மிதிக்கும் பலகைகள் இல்லை. மூக்கை உயர்த்தும் வால் தகடு, இறக்கை முழுதாகத் தளரும் கோணத்தை எட்டாதபடி தடுக்கப்பட்டிருந்தது. சுழல் வீழ்ச்சி அதன் இயல்பிலேயே இல்லை என்று அரசு சான்று அளித்தது. போருக்குப் பின் நியூயார்க்கின் மேசிஸ் பல்பொருள் அங்காடியில் அது விற்பனைக்கு வைக்கப்பட்டது.

வீக்கின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. அவர் ஒரு வகை மரணத்தை அந்த விமானத்திலிருந்து உண்மையாகவே அகற்றினார். ஆயினும் எர்கூப் ஓட்டியவர்களும் இறந்தார்கள். மூக்கை உயர்த்தி முன்வேகத்தை இழந்த எர்கூப் சுழலாது, ஆனால் மிக விரைவாகத் தாழும்; மரங்களை உரசிப் பறக்கும் சாகசத்தையும் மேகத்துக்குள் நுழையும் பிடிவாதத்தையும் எந்த வால் தகடும் தடுக்கவில்லை. சந்தையும் வேறு பாடம் கற்பித்தது. 1946-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 35,000 சிறுவிமானங்களைத் தயாரித்தன. வீடு திரும்பிய படைவீரர்கள் அனைவரும் வாங்குவர் என்ற எதிர்பார்ப்பு சிதைந்து, மறு ஆண்டே தயாரிப்பு பாதிக்கும் கீழாகச் சரிந்தது. வாங்கியவர்களுள் பலர், தெளிந்த பகல் வானத்தில் மட்டுமே பயன்படும் பொருளுக்குப் பணம் கொடுத்திருப்பதை உணர்ந்தார்கள். பயணத்துக்கு உதவ வேண்டுமானால் விமானம் மேகம் சூழ்ந்த நாளிலும் பறந்தாக வேண்டும். அடுத்த பெருங்கேடு அந்தத் தேவையிலிருந்தே வந்தது.

மேகத்துக்குள் மனிதனுக்குத் தான் எப்படிச் சாய்ந்திருக்கிறான் என்று தெரிவதில்லை. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் அசைவின் மாற்றத்தை மட்டுமே உணர்கின்றன. விமானம் மெல்ல ஒரு பக்கம் சரிந்து சீராகத் திரும்பத் தொடங்கினால், சில விநாடிகளில் குழல்களுக்குள் இருக்கும் நீர் நிலைகொண்டு, நேராகப் பறப்பதாகவே மூளை நம்புகிறது. அப்போது கருவியைப் பார்த்து விமானி விமானத்தை நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சரிவதாக உடல் கூக்குரலிடுகிறது. அவர் உடலை நம்பினால் மீண்டும் பழைய சரிவுக்கே போகிறார். சரிந்த விமானம் உயரத்தை இழக்கிறது. உயரத்தை மீட்க மூக்கை இழுத்தால் சரிவு குறையாமல் திருப்பம் மட்டும் இறுகி, வேகம் பெருகும் சுருள் பாதையில் விமானம் தரையை நோக்கி இறங்குகிறது. விமானிகள் இதை மரணச்சுருள் என்று சொல்வர். அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர், 1926-இல் மருத்துவச் சோதனைக்கான சுழல் நாற்காலியில் கண்கட்டி அமர்ந்தபோது தம் உணர்வு தம்மையே ஏமாற்றுவதைக் கண்டார். அனுபவம் மிக்கவர் உடலால் உணர்ந்தே பறப்பர் என்று பெருமைப்பட்ட ஒரு தொழிலில், அந்த உணர்வு பொய் சொல்லும் என்று கூறியவரை மேலதிகாரிகள் விரும்பவில்லை. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மிட்செல் ஃபீல்டில், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம், திசையைக் காக்கும் சுழல்காட்டி, நுட்பமான உயரமானி ஆகியவற்றின் துணையால் ராணுவ விமானி ஜேம்ஸ் டூலிட்டில் வெளியே எதையும் பாராமல் கிளம்பி, பறந்து, இறங்கிக் காட்டினார்.

கருவி இருந்தது, அதை நம்பிப் பறக்கும் பயிற்சிக்குத் தனி உரிமமும் இருந்தது. சிறுவிமானம் ஓட்டியவர்களுள் பெரும்பாலோர் அந்த உரிமத்தைப் பெறவில்லை. அவர்கள் மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் சோதித்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளைப் பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் அமர்த்தி, வெளிக்காட்சியை மறைத்து, உடன் அமர்ந்த பயிற்சியாளர் கவனித்தார். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் 20 விநாடி முதல் 480 விநாடி வரை இருந்தது, சராசரி 178 விநாடி. இந்த 178 என்னும் எண் பின்னர் எச்சரிக்கை வாசகமாகப் புகழ்பெற்றது. அச்சோதனையின் மறுபாதி பேசப்படாமல் போனது வருந்தத்தக்கது: சக்கரங்களை இறக்கி, வேகத்தைக் குறைத்து நிலைப்படுத்தி, கைப்பிடியை விட்டுவிட்டுச் சுக்கானை மட்டும் கொண்டு மெல்ல எதிர்த்திசைக்குத் திரும்பும் முறையைச் சிறிது நேரம் கற்பித்த பின், ஏறக்குறைய எல்லோரும் தப்பி வந்தார்கள். ஆய்வின் நோக்கமே இதுதான். அச்சமூட்டும் எண் நினைவில் நிலைத்தது, காப்பாற்றும் வழிமுறை நிலைக்கவில்லை.

சோதனைக்குப் பயன்பட்ட பொனான்சாவும் தற்செயலாகத் தேர்ந்த விமானம் அன்று. 1947-இல் விற்பனைக்கு வந்த அந்த வி-வடிவ வால் கொண்ட விமானம் நால்வரை ஏற்றிக்கொண்டு அக்காலச் சிறுவிமானங்களைவிட மிக வேகமாகப் பறந்தது. காற்றை வழுக்கிச் செல்லும் வடிவமுடையதால் மூக்கு சற்றே தாழ்ந்தாலும் வேகம் விரைவில் எல்லை மீறியது. வாங்கும் வசதி படைத்தும் பழகும் நேரம் இல்லாத மருத்துவர் போன்றோர் கையில் அது அடிக்கடி உடைந்ததால் டாக்டர் கொல்லி என்ற பட்டப்பெயர் அதற்கு வந்தது. 1959 பிப்ரவரி 3 அதிகாலையில் அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே பாடகர்கள் படி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகியோரை ஏற்றிச் சென்று விழுந்ததும் ஒரு பொனான்சாவே. அது வாடகைப் பயணம் என்றாலும் சிறுவிமானத்தின் பொறி முழுவதும் அதில் இருந்தது. 21 வயது விமானி ரோஜர் பீட்டர்சனுக்குக் கருவிவழிப் பறக்கும் உரிமம் இல்லை. அவர் பணிபுரிந்த நிறுவனத்துக்குக் கண்பார்வைப் பறத்தலுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அவர் பழகிய செயற்கை அடிவானத்துக்கு மாறாக, அவ்விமானத்திலிருந்த கருவி மூக்கின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழான முறையில் காட்டியது. வானிலை மோசமடைவதைச் சொன்ன சிறப்பு அறிவிப்புகள் அவரை எட்டவில்லை. புறப்படலாம் என்று விமானி எடுத்த முடிவையே விசாரணை வாரியம் காரணமாகச் சுட்டியது. அம்முடிவை எடுத்த இளைஞருக்கு முழு விவரமும் கொடுக்கப்படவில்லை என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. விமானியின் தவறு என்று எழுதி மூடப்பட்ட கோப்புகள் பலவற்றுள் இத்தகைய இரண்டாம் வரி உண்டு. அதை வாசித்தவர்களால்தான் இத்துறை முன்னேறியது.

விழுந்த பின்னும் பிழைக்க முடியுமா என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. முதல் உலகப் போரில் பயிற்சி விமானியாக இருந்து நடுவான் மோதலில் தப்பிய ஹியூ டி ஹேவன், தம் உள்ளுறுப்புகளைக் கிழித்தது விபத்தைவிட இடுப்புப் பட்டையின் வடிவமே என்று முடிவுக்கு வந்து, 1942 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காய ஆய்வை வளர்த்தார். மார்பையும் தாங்கும் தோள்பட்டை வார், தலை மோதாத கருவிப் பலகை ஆகியவற்றின் பயன் அப்போதே தெரிந்திருந்தது. ஆயினும் புதிய சிறுவிமானங்களின் முன்னிருக்கைகளில் தோள்வார் கட்டாயமானது 1978-இலும், மற்ற இருக்கைகளில் 1986-இலும்தான். இவ்வளவு நீண்ட தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் காட்ட முடியாது. விமானம் விழுந்தால் இறப்பு உறுதி என்ற பழைய எண்ணமே பிழைக்கக்கூடிய பலரைக் கொன்றது.

இதற்கிடையில் ஆபத்து எண்ணாக மாறியது. அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார் 1969-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், மனிதர் தாமாக ஏற்கும் ஆபத்துகளையும் அவர்கள்மீது சுமத்தப்படும் ஆபத்துகளையும் ஒரே அளவுகோலில் வைத்து, தாமாக ஏற்பவற்றில் அவர்கள் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமான ஆபத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று வாதிட்டார். அவர் எடுத்துக்கொண்ட விருப்ப ஆபத்துகளுள் வேட்டை, பனிச்சறுக்கு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு சிறுவிமானப் பறத்தலும் ஒன்று. பின்னர் ஸ்டான்ஃபோர்டின் ரொனால்ட் ஹோவர்ட், பத்து லட்சத்தில் ஒரு பங்கு இறப்பு வாய்ப்பை மைக்ரோமார்ட் என்னும் அலகாக்கினார். அமெரிக்கச் சிறுவிமானத் துறையில் அண்மைக் காலத்தில் ஒரு லட்சம் பறக்கும் மணிக்கு ஒன்றை ஒட்டிய எண்ணிக்கையில் உயிரிழப்பு விபத்துகள் நேர்கின்றன. ஆகவே ஒரு மணி நேரப் பறத்தல் உயிரிழப்பில் முடியும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மைக்ரோமார்ட். ஆண்டுக்கு 100 மணி நேரம் பறப்பவருக்கு ஓராண்டில் ஆயிரத்தில் ஒன்று. அவர் முப்பது ஆண்டு பறந்தால் நூற்றில் மூன்று.

விமான நிலையத்துக்குக் காரில் போவதுதான் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி என்று அமெரிக்க விமானிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை அது உண்மை; சிறுவிமானத்துக்கு அது பொய். மணிக்கு 120 மைல் வேகத்தில் ஒரு லட்சம் மணி என்பது 1.2 கோடி மைல்; அந்தக் கணக்கில் பத்துக் கோடி மைலுக்கு எட்டு உயிரிழப்பு விபத்துகள் வருகின்றன, அமெரிக்கச் சாலைகளில் அதே தொலைவுக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையிலேயே மரணம் நேர்கிறது. மணிக் கணக்கில் பார்த்தால் சிறுவிமானம் மோட்டார் சைக்கிளின் அருகில் நிற்கிறது. அன்போடு அழைத்துச் செல்லும் நண்பரிடம் விமானி இதை மறைப்பது தவறு. நல்ல எண்ணத்தால் சொல்லப்பட்டாலும் அந்த ஆறுதல் வாசகம் உயிர் சம்பந்தமான முடிவிலிருந்து உண்மையை நீக்கிவிடுகிறது.

ஆயினும் சராசரி எண்ணை யாரும் தம் எண்ணாகக் கொள்ள முடியாது. பறந்த மணிகளின் மொத்தமே உரிமையாளர்களிடம் நடத்தப்படும் ஆய்வு வழி பெறப்படும் மதிப்பீடு. மேலும் அந்த மொத்தத்தில் இரு விமானிகள் ஓட்டும் நிறுவன ஜெட் விமானமும், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானமும், பயிற்சியாளர் அருகில் இருக்கும் பள்ளி விமானமும், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுடன் கடற்கரைக்குப் போகும் விமானமும் கலந்துள்ளன. நிறுவன விமானங்களின் விபத்து மிகக் குறைவு. தனிப்பட்ட பறத்தலோ மொத்த நேரத்தில் பாதியை ஒட்டிய பங்கே பெற்றிருந்தும், உயிரிழப்பு விபத்துகளில் நான்கில் மூன்று பங்கை ஒட்டி நிற்கிறது. அமெரிக்க விமான உரிமையாளர் சங்கத்தின் பாதுகாப்பு அமைப்பு ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த ஜோசப் நால் அறிக்கை, விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு விமானியின் செயலோடு தொடர்புடையவை என்று மீண்டும் மீண்டும் காட்டியது. இதிலிருந்து, கவனமாக இருப்பவருக்கு ஆபத்து கால் பங்குதான் என்று பலர் முடிவுகட்டினார்கள். அது தவறான கணக்கு. இறந்தவர்களுள் பெரும்பாலோரும் தம்மைக் கவனமானவர் என்றே எண்ணியிருந்தனர். அனுபவத்தின் பங்கும் எளிதில் அளக்கப்படவில்லை. 50 முதல் 350 மணி வரை பறந்தவர்களே மிகுதியாக இறக்கிறார்கள் என்று பால் கிரெய்க் 2001-இல் எழுதிய நூல் அப்பகுதியைக் கொலைக்களம் என்றே பெயரிட்டது. அந்த ஆபத்து அவ்வளவு விரைவில் தணிவதில்லை, பல நூறு மணிகளுக்கு மேலும் நீள்கிறது என்று அரசின் ஆய்வாளர் வில்லியம் நெக்ட் பின்னர் காட்டினார்.

எண்ணிலிருந்து மனத்துக்குத் திரும்பிய ஆய்வு 1977-இல் வந்தது. ரிச்சர்ட் ஜென்சனும் ரஸ்ஸல் பெனலும் 1970 முதல் 1974 வரை விமானியின் தவறாகக் குறிக்கப்பட்ட விபத்துகளை மறுபடி பிரித்துப் பார்த்து, உயிரிழப்பில் முடிந்தவற்றுள் பாதிக்கும் சற்று மேற்பட்டவை கைத்திறன் குறைவாலோ கவனப் பிசகாலோ அல்லாமல் முடிவெடுப்பதில் நேர்ந்த பிழையால் விளைந்தவை என்று கண்டார்கள். முடிவெடுப்பதைப் பிறவிக் குணமாகக் கருதாமல் கற்பிக்கக்கூடிய திறனாகக் கருதலாம் என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. 1980-களில் உருவான பாடநூல்கள் விமானியைத் தன்னையே ஆராயச் சொல்லின: விதியை எதிர்க்கும் மனப்பான்மை, யோசியாமல் பாய்தல், எனக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை, என்னால் முடியும் என்று காட்டும் வேட்கை, என்ன செய்தும் பயனில்லை என்ற சோர்வு ஆகிய ஐந்தும் ஆபத்தான மனப்போக்குகளாகப் பெயரிடப்பட்டன. 1990-களில் தனிவரம்பு என்னும் வழக்கம் பரவியது. சட்டம் மூன்று மைல் பார்வைத் தெளிவை அனுமதித்தாலும், தம் அனுபவத்துக்கு ஐந்து மைலோ ஏழு மைலோ வேண்டும் என்று ஒருவர் அமைதியான நாளில் எழுதி வைத்து, புறப்படும் நாளில் அதைத் தளர்த்தாமல் பின்பற்றுவதே அது. விரும்புகிறவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராகவே இருக்கும் குறையை நீக்க வழியில்லாதபோது, தீர்ப்பை விருப்பம் எழுவதற்கு முன்பே எழுதிவிடச் சொன்ன இந்த ஏற்பாடு, இவ்வரலாறு கண்டெடுத்த மிக எளிய, மிக அறிவார்ந்த கருவி என்று துணிந்து சொல்லலாம்.

அதன் தேவையை உணர்த்தும் விபத்துகள் அந்தப் பத்தாண்டிலேயே நடந்தன. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர், தாம் புதிதாக வாங்கிய, வேறொருவர் கட்டிய லாங்-ஈசி விமானத்துடன் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். ஒரு தொட்டியிலிருந்து மற்றத் தொட்டிக்கு எரிபொருளை மாற்றும் திருகு, விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் எட்டாத இடத்தில் இருந்தது. அது எட்டவில்லை என்பதை அவரும் பராமரிப்பாளரும் புறப்படுமுன் பேசினார்கள். எட்டச் செய்ய வைத்துப் பார்த்த குறடு உதவவில்லை. எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்கப்பட்டபோது, சற்று நேரமே பறக்கப் போவதாகச் சொல்லி அவர் மறுத்தார். வானில் நேர்ந்த ஒவ்வொன்றும் தரையில் முன்பே அறியப்பட்டிருந்தது. 1999 ஜூலை 16 இரவில் முன்னாள் அமெரிக்க அதிபரின் மகன் ஜான் எஃப். கென்னடி இளையவர் தம் மனைவியையும் அவர் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு பைப்பர் சரட்டோகாவில் நியூஜெர்சியிலிருந்து புறப்பட்டார். சுமார் 310 மணி அனுபவம், கருவி உரிமம் இல்லை, கடலின் மேல் மூடுபனியும் நிலவொளி குன்றிய இருளும். உடன் வருவதாகப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மார்த்தாஸ் வின்யார்ட் தீவை அணுகும்போது திசையுணர்வு குழம்பி விமானம் கடலில் விழுந்தது. அப்பயணம் சட்டப்படி முற்றிலும் அனுமதிக்கப்பட்டது; பார்வைத் தெளிவு விதியின் எல்லைக்குள் இருந்தது. சட்டம் எல்லோருக்கும் பொதுவான கீழ்க்கோட்டை வரைகிறதே ஒழிய, குறிப்பிட்ட ஒருவருக்குக் குறிப்பிட்ட இரவு தகுமா என்று சொல்வதில்லை.

அதே ஆண்டில் முதல் சிரஸ் எஸ்ஆர்20 விமானங்கள் வாங்குவோரைச் சென்றடைந்தன. சிரஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவான் மோதலில் உயிர்தப்பியவர். அதனால் விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் குடைமிதவையை அவர் கட்டாய உறுப்பாக்கினார். கூரையிலுள்ள கைப்பிடியை இழுத்தால் சிறு ராக்கெட் குடையை வெளியே இழுத்து விரிக்கிறது. இருந்தும் முதல் பத்தாண்டில் சிரஸ் விமானங்களின் உயிரிழப்பு வீதம் மற்றச் சிறுவிமானங்களைவிடக் குறையவில்லை. குடை இருக்கிறது என்ற நம்பிக்கையில் சிலர் மோசமான வானிலைக்குள் போனார்கள் என்ற விளக்கம் உண்டு; ஆனால் இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்காமல் இறந்தவர்கள் பலர் என்பதே விபத்து அறிக்கைகளில் தெளிவாகத் தெரிந்தது. விமானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று கடைசி வரை முயன்றார்கள். 2010-களில் நிறுவனமும் சிரஸ் உரிமையாளர் சங்கமும் பயிற்சியை மாற்றி, ஐயம் எழுந்தாலே இழுக்க வேண்டும் என்பதைப் பழக்கமாக்கிய பின் வீதம் கணிசமாகக் குறைந்தது. இதுவரை 200-க்கு மேற்பட்டோர் குடையால் பிழைத்துள்ளனர். அந்தப் பத்தாண்டுகளில் குடையைவிட முக்கியமாக மாறியது, அதை எப்போது இழுப்பது என்ற முடிவு தரைக்கு மாற்றப்பட்டதே.

இவ்வளவு வளர்ச்சியிலும் பயணியின் இடம் மட்டும் தெளிவுபெறவில்லை. தனியார் உரிமம் பெற்றவர் பயணிகளிடமிருந்து செலவில் அவரவர் பங்குக்கு மேல் பெறக் கூடாது என்ற அமெரிக்க விதி, கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்கு உயர்ந்த பாதுகாப்புத் தரம் உரியது என்ற கொள்கையில் எழுந்தது. நண்பருக்கும் குடும்பத்துக்கும் அத்தரம் உரியதன்று என்பதே அதன் மறுபக்கம். புறப்படுமுன் சரிபார்க்கும் பட்டியல்களில் விமானி, விமானம், சூழல், புற நெருக்கடி என்னும் நான்கு தலைப்புகள் உள்ளன. காத்திருக்கும் பயணி அங்கே புற நெருக்கடியாகவே இடம்பெறுகிறார், போய்ச்சேர வேண்டும் என்ற அவசரத்தை உண்டாக்கி விமானியின் தீர்ப்பைக் கெடுப்பவராகவே எண்ணப்படுகிறார். அவரும் உயிரைப் பணயம் வைப்பவர் என்ற நிலையில் அவர் கேட்க வேண்டிய கேள்விகளை எந்தப் பட்டியலும் அவரிடம் தருவதில்லை: இந்த விமானத்தில் எத்தனை மணி பறந்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது பறந்தீர்கள், வானிலை கெட்டால் திரும்புவீர்களா, நாளைக்குப் போனால் என்ன. விமான உரிமையாளர் சங்கத்தின் பாதுகாப்பு அமைப்பு 1960-களிலிருந்தே, விமானி மயங்கி விழுந்தால் அருகில் இருப்பவர் விமானத்தை இறக்குவதற்கான குறும்பயிற்சியை நடத்தி வந்தது. பெரும்பாலும் விமானிகளின் மனைவியரே அதில் சேர்ந்தார்கள். சிரஸ் விமானத்தில் புறப்படுமுன் குடையின் கைப்பிடி எங்கே இருக்கிறது, எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும், தாம் செயலிழந்தால் யாரையும் கேளாமல் இழுக்கலாம் என்று பயணிக்கு விளக்குவது விமானியின் கடமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. புறப்படுவதா வேண்டாமா என்னும் முடிவில் அதே பயணிக்குரிய பங்கை வரையறுக்கும் நடைமுறை இன்னும் எழுதப்படவில்லை.